இருநூறு கிலோ காற்று

முகையூர் பக்கம் கம்ப்ரசர் என்று சொன்னால், டிராக்டரில் பூட்டி வரும் கிணறு வெட்டும் கம்ப்ரசர்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். கண்டாச்சிபுரம், திருக்கோவிலூர் சுற்றுவட்டாரத்தில் மேல்மண் கொஞ்சம்தான், அதற்குக் கீழே பாறை. ஜாக் ஹாமரால் தமர், அதாவது துளை போட்டு, வெடி வைத்து, கல்லை அள்ளி மேலே ஏற்றினால்தான் கிணறு இறங்கும். அந்த ஜாக் ஹாமருக்கு 7 கிலோ காற்று இருந்தால் போதும். எங்கள் தொழிலில் கிலோ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் இத்தனை கிலோ அழுத்தம் என்று கணக்கு. பார் என்பதும் ஏறக்குறைய அதுதான். கொஞ்சம் வயதானவர்கள் இன்னும் பவுண்டில் பேசுவார்கள், 7 கிலோவை 100 பவுண்டு என்பார்கள்.

நான் தொழில் படித்தது அந்த வண்டிகளில்தான். வால்வு பிளேட்டை எமரி போட்டுத் தேய்த்து உட்கார வைப்பது, ரிங் மாற்றுவது, ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த ஹெட்டில் கோளாறு என்று சொல்வது எல்லாம் கிணற்று மேட்டில் மேஸ்திரி பக்கத்தில் நின்று கற்றவை. பிறகு திண்டிவனத்தில் பட்டறை போட்டேன். திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம், தெற்கே இறங்கினால் புதுச்சேரி. புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா பயிற்சி பரவியதும், சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசர்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்தன. அதோடு, பழைய மிஷின் ஒன்று விலைக்கு வருகிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று அழைப்புகளும் வந்தன. இப்போது எனக்கு இந்த வேலைதான் அதிகம். வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது.

புது மிஷின் விலை லட்சக்கணக்கில் போகிறது. சின்னதாகப் பயிற்சி மையம் தொடங்குகிற பிள்ளைகளால் அதைத் தொட முடியாது. அதனால் பழசைத் தேடுகிறார்கள். தேடுவதில் தப்பே இல்லை. நல்ல கம்பெனியின் மூன்று கட்டக் கம்ப்ரசர் 30, 40 வருடம் ஆனாலும் ஓடும். வார்ப்பிரும்பு பிளாக், கனத்த ஃப்ளைவீல், மெதுவான வேகம் என்று அந்தக் காலத்தில் கட்டியிருக்கிறார்கள். சில பழைய மிஷின்களைத் திறந்தால் கிராங்க் தேய்மானம் ஒன்றுமே இல்லாமல் இருக்கும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் வாங்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “200 ஏறுமா?” என்பது. விற்கிறவரும் சிலிண்டரை மாட்டி 200 ஏற்றிக் காட்டிவிடுவார். வியாபாரம் முடிந்துவிடும். அந்த 200 கிலோ காற்று ஒரு மனுஷனின் நெஞ்சுக்குள் போகத் தகுந்த காற்றா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

7 கிலோவிலிருந்து 200-க்குப் போவது எண்ணிக்கை கூடுகிற விஷயம் மட்டும் இல்லை. காற்றை ஒரே அடியாக 200 மடங்கு அழுத்தினால் இரும்பு சிவக்கும் அளவுக்குச் சூடாகும். அதனால் படிப்படியாக அழுத்துவார்கள். முதல் கட்டத்தில் 1-ஐ 6 ஆக்கி, குழாயில் சுற்றவிட்டு ஆறவைத்து, இரண்டாம் கட்டத்தில் 6-ஐ 36 ஆக்கி, மறுபடி ஆறவைத்து, மூன்றாம் கட்டத்தில் 36-ஐ 216 ஆக்க வேண்டும். சுமாரான கணக்கு இதுதான். கட்டம் போகப் போகப் பிஸ்டன் சிறுத்துக்கொண்டே வரும். கடைசிப் பிஸ்டன் விரல் பருமனில்தான் இருக்கும். அதுவும் அதன் லைனரும் ஒன்றுக்கொன்று பார்த்துத் தேய்த்த ஜோடி. அது போனால், பல பழைய மாடல்களில், ஜோடி விலை மிஷின் விலையில் பாதியைத் தின்றுவிடும்.

தண்ணீர் இன்னொரு சங்கதி. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் தண்ணீரைத் தாங்கும். ஸ்கூபாவில் பரவலாக இருக்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் 200 கிலோ நிரப்ப 2,200 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். அந்தக் காற்றோடு 50 மில்லிக்கும் மேல் தண்ணீர் வரும். ஒரே ஒரு சிலிண்டருக்கு இவ்வளவு. இது எண்ணெயோடு கலந்து மோர் மாதிரி வெளுத்துப்போய் டிரெயின் வால்வில் இறங்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் ஃபில்டருக்குள் போகும், அங்கிருந்து சிலிண்டருக்குள் போகும்.

எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், பழைய மிஷினைப் பார்க்கப் போகும்போது இந்த மூன்றையும்தான் நான் தேடுவேன்: சூடு, தண்ணீர், எண்ணெய்.

மரக்காணம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன், டைவிங் கற்று ஆள் கூட்டிப் போகிறவன், சொந்தமாக ஃபில்லிங் போட வேண்டும் என்று என்னிடம் வந்தான். இரண்டு மிஷின் பார்த்து வைத்திருந்தான். முதலாவது, குஜராத்தில் ஆலங் கடற்கரையில் உடைத்த கப்பலிலிருந்து வந்தது. தரகர் போனில், “ஹை பிரஷர் மேஸ்திரி, கப்பல் மிஷின், அசையாது” என்றார். போய்ப் பார்த்தேன். பெரிய, அழகான மிஷின். ஆனால் கேஜில் முள் ஏறக்கூடிய எல்லையே 40. கப்பலின் பெரிய இன்ஜினைக் கிளப்பக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர் அது. அந்த வேலைக்கு 30 கிலோ போதும். நல்ல மிஷின்தான், ஆனால் வேறு வேலைக்கானது. பையனிடம் கேஜைக் காட்டினேன். அவனுக்கு முகம் வாடிப் போயிற்று. ஆலங்கிலிருந்து 200, 300 கிலோ ஏற்றும் சின்ன மிஷின்களும் வரும். கப்பலில் தீயணைப்போர் மாட்டும் சுவாசச் சிலிண்டரை நிரப்ப வைத்திருப்பார்கள். அதுபோல ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் கப்பல் மிஷின் என்று சொன்னதும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாவது, சென்னையில் அம்பத்தூர் பக்கத்துக் கிடங்கில் இருந்தது. ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புப் பிரிவு ஏலத்தில் விட்ட பழைய மூன்று கட்ட மிஷின். நேம் பிளேட்டில் நிமிடத்துக்கு 100 லிட்டர், 225 பார் என்று இருந்தது. புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்ட் என்றாலே எனக்குக் கொஞ்சம் கசக்கும். கசிவு எங்கே இருந்தது என்கிற எண்ணெய்த் தடத்தைப் பெயிண்ட் மறைத்துவிடும். நாங்கள் வருவதற்கு முன்னால் ஓட்டிவிடாதீர்கள் என்று முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன். ஹெட்டில் கை வைத்தேன், குளிர்ச்சியாக இருந்தது. அது ஒரு நல்ல சகுனம். சூடான மிஷின் சுலபமாகக் கிளம்பி விற்பவருக்கு உதவி செய்யும், குளிர்ந்த மிஷின் உண்மையைச் சொல்லும்.

முதலில் எண்ணெய். அளவுக் கம்பியை உருவி விரலில் தேய்த்து முகர்ந்தேன். பழகிய வாசனை. கிணறு வெட்டும் வண்டிகளில் நாங்கள் ஊற்றுகிற 20-40 இன்ஜின் ஆயில். ஜாக் ஹாமருக்குப் போகிற காற்றில் எண்ணெய்ப் புகை வந்தால் ஹாமருக்கு அது மசகுதான். மனுஷன் மூச்சுக்குப் போகும் காற்றில் அது ஆகாது. இன்ஜின் ஆயிலில் இன்ஜினுக்கென்று கலந்திருக்கும் மருந்துகள் எல்லாம் இந்தச் சூட்டில் ஆவியாகும், கருகும். சுவாசக் காற்றுக் கம்ப்ரசருக்கென்றே எண்ணெய் தனியாக உண்டு, மினரல் ஒரு வகை, சிந்தடிக் ஒரு வகை. இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது. “யாரு ஊத்தினது?” என்று கேட்டேன். “இருந்ததை ஊத்தினோம் மேஸ்திரி” என்றார் கிடங்குக்காரர். இருந்ததை ஊற்றுவதுதான் நம் ஊரில் பாதி மிஷின்களின் கதை.

அடுத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றினேன். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால் கடைசிப் பிஸ்டன் பிடிக்கிறது, அல்லது லைனரில் துரு. பல மாதம் சும்மா கிடந்த மிஷினில், அதுவும் உப்புக் காற்றில் கிடந்ததில், இது சாதாரணம். இது சீராகச் சுற்றியது. பையனையும் சுற்றச் சொன்னேன். கை தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது, வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது.

பிறகு டிரெயின் எல்லாம் திறந்து வைத்துக் கிளப்பினோம். சத்தம் நன்றாக இருந்தது. ஒவ்வொன்றாக மூடினேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கேஜ் இருந்தது, அது பழைய நல்ல மிஷின்களின் அருமை. முதல் கட்டம் 6, 7-ல் நிற்க வேண்டும். இது 7-ஐத் தாண்டி, 8, 9 என்று ஏறிக்கொண்டே போனது. சேஃப்டி வால்வு சீறத் தொடங்கியது. கூட வந்திருந்த தரகர் பெருமையோடு, “பாத்தீங்களா மேஸ்திரி, ஃபர்ஸ்ட் ஸ்டேஜே 9 ஏறுது, பலம் அப்படி” என்றார்.

பலம் இல்லை அது. இரண்டாம் கட்டம் முதல் கட்டத்திலிருந்து காற்றை உறிஞ்சி மேலே அனுப்ப வேண்டும். அதன் உறிஞ்சும் வால்வு சரியாக உட்காராவிட்டால், பிஸ்டன் அழுத்தும்போது காற்று வந்த வழியே திரும்பி முதல் கட்டத்தில் போய்ச் சேரும். முதல் கட்ட முள் தானாக ஏறும். ஆகவே முள் எங்கே அதிகமாக ஏறுகிறதோ, அதற்கு அடுத்த ஹெட்டைத் திறக்க வேண்டும். கிணற்று மேட்டில் என் மேஸ்திரி இரண்டு கட்ட மிஷினில் சொல்லிக் கொடுத்த பாடம், மூன்று கட்ட மிஷினிலும் அப்படியே செல்லுபடியாகிறது.

கிடங்குக்காரர் சம்மதத்தோடு இரண்டாம் ஹெட்டைத் திறந்தோம். வால்வு பிளேட்டில் கருப்புக் கரி பொரிந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் துகளாக வந்தது. இதை அந்தப் பையனிடம் வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தேன். காரணம், அந்தக் கரி வெறும் அழுக்கு இல்லை. எண்ணெய் கருகினால்தான் கரி வரும். எண்ணெய் அரைகுறையாகக் கருகும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அது ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தரையில் கொஞ்சமாக இருக்கும் நஞ்சு தண்ணீருக்குள் கூடும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையைப்போல் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. பத்து லட்சத்தில் 10 பங்கு கார்பன் மோனாக்சைடு உள்ள காற்றை 30 மீட்டரில் சுவாசித்தால், தரையில் 40 பங்கைச் சுவாசிப்பதற்குச் சமம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 12021 சுவாசக் காற்றில் கார்பன் மோனாக்சைடுக்கு 5 பங்கும், கார்பன் டை ஆக்சைடுக்கு 500 பங்கும், எண்ணெய்க்கு ஒரு கன மீட்டரில் அரை மில்லிகிராமும்தான் எல்லை என்கிறது. இந்த எண்களை ஃபில்லிங் போடும் எவரும் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

தூத்துக்குடிக் கடலில் சங்குக் குளியாளிகள் சிலர் படகிலேயே கம்ப்ரசரை ஏற்றி, ஹோஸில் வரும் காற்றை வாயில் வைத்து மூழ்குவதைப் பார்த்திருக்கிறேன். பஞ்சர் கடைக் கம்ப்ரசரும் பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரசரும் அங்கே மூச்சு கொடுக்கின்றன. பக்கத்திலேயே இன்ஜின் புகை. காற்று உறிஞ்சும் வாய்க்கும் புகைக்குழாய்க்கும் இடையே ஒரு முழ தூரம்கூட இல்லை. முத்துக்குளிப்பு முடிந்து பல காலம் ஆகிவிட்டது, சங்குக் குளிப்பு மட்டும் நிற்கவில்லை. அந்த மனுஷர்களின் திறமை பெரியது. அவர்களுக்குப் போய்ச் சேரும் காற்று மட்டும் இப்படி. இதைப் பார்த்த பிறகுதான் ஃபில்லிங் கம்ப்ரசர் பார்க்கப் போகும்போது விலை பேசும் முன்னால் காற்றைப் பேச வேண்டும் என்பதில் நான் பிடிவாதமானேன். உறிஞ்சும் குழாயை உயரத்தில், காற்று வரும் திசையில், ஜெனரேட்டருக்கும் சாலைக்கும் தள்ளி வைக்க வேண்டும். இதற்குக் காசே செலவில்லை, கொஞ்சம் பைப்தான்.

அம்பத்தூர் மிஷினுக்கு வருகிறேன். வால்வைச் சுத்தம் செய்து, தேய்த்து மாட்டிய பிறகு முதல் கட்ட முள் 6-க்கு மேல் போகவில்லை. காலிச் சிலிண்டரை மாட்டி நேரம் பார்த்தோம். இது யாரும் செய்யக்கூடிய பரீட்சை. நிமிடத்துக்கு 100 லிட்டர் என்றால் 2,200 லிட்டருக்கு 22 நிமிடம் ஆக வேண்டும். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. 35, 40 நிமிடம் ஆனால் ரிங் அல்லது வால்வு போயிருக்கிறது என்று பொருள். எங்களுக்கு 25 நிமிடம் ஆயிற்று. பழைய மிஷினுக்கு அது நல்ல எண். அமெரிக்காவிலிருந்து வந்த மிஷின்களில் மோட்டாரையும் பாருங்கள். அங்கே மின்சாரம் 60 சைக்கிள், நமக்கு 50. அதே மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், விசிறியும் மெதுவாகும், சூடு கூடும். மோட்டாரை மாற்ற வேண்டியிருந்தால் அந்தக் காசையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஃபில்டர் கோபுரம். இதில்தான் வியாபாரம் மாறியது. வெளியே பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் அடியில் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது. சோதனைத் தேதி எங்கும் இல்லை. இருநூறு கிலோவை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி உலோகம் களைத்துப் போகும், அதனால்தான் கம்பெனிகள் கோபுரத்துக்கு ஆயுள் குறிக்கிறார்கள். குழி விழுந்த கோபுரம் வெடித்தால் பக்கத்தில் இருப்பவர் பிழைக்க மாட்டார். உள்ளே மருந்து வைத்த பெட்டி எந்த வருடத்ததோ தெரியவில்லை. காற்றின் ஈரத்தை மூலக்கூறு சல்லடை எடுக்கும், அதற்குப் பிறகு ஹாப்கலைட் கார்பன் மோனாக்சைடை மாற்றும், கரித்தூள் வாசனையை எடுக்கும். ஈரம் பட்டால் ஹாப்கலைட் செத்துவிடும், அதனால்தான் சல்லடைக்குப் பிறகு அதை வைக்கிறார்கள். பழைய மிஷின்கள் பலவற்றில் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் வால்வு இருக்காது. அது இல்லாவிட்டால் சிலிண்டர் காலியாக இருக்கும்போது காற்று வேகமாகப் பாய்ந்து மருந்து வேலை செய்யும் முன்பே கடந்துவிடும். 40 டிகிரிக் காற்று 20 டிகிரிக் காற்றைவிட மூன்று மடங்கு தண்ணீரைச் சுமக்கும். அதனால் குளிர் நாட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் மருந்து மாற்றும் மணிக்கணக்கை நம் ஊரில் மூன்றில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பையன் தரகரிடம், “கோபுரத்தைக் கழிச்சு விலை சொல்லுங்கண்ணே” என்றான். பிறகு பேரம் நடந்தது. அது என் வேலை இல்லை என்று விலகி நின்றேன். பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே முடிந்தது. பழைய கோபுரத்தை அங்கேயே இரும்புக்கு விட்டுவிட்டு வந்தான். புதுக் கோபுரம், அழுத்தம் பிடிக்கும் வால்வு, சுவாசக் காற்றுக்கான எண்ணெய், முழு செட் வால்வு, கார்பன் மோனாக்சைடு காட்டும் மீட்டர் என்று மிஷின் விலைக்கு நெருக்கமாக அவற்றுக்கே ஆயிற்று. அப்படியும் புதுசின் விலையை எட்டவில்லை. மாடல் எண்ணை வைத்து உதிரிபாகம் கிடைக்குமா என்று பணம் கொடுக்கும் முன்பே விசாரித்துவிட்டோம். ஜெர்மனியின் பாயர், இத்தாலியின் கோல்ட்ரி போன்றவற்றின் பழைய பிளாக்குகளுக்கு இன்றும் பாகம் கிடைப்பதால்தான் அவற்றைத் தேடச் சொல்கிறேன். பெயர் தெரியாத மிஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் கடைசிப் பிஸ்டன் போன அன்று அது பழைய இரும்பு.

சிலிண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிஷினோடு சேர்த்துப் பழைய சிலிண்டர்களையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 1980-களிலும் அதற்கு முன்னும் வந்த சில அலுமினியச் சிலிண்டர்கள் 6351 என்ற கலவையில் செய்தவை, காலப்போக்கில் கழுத்தில் விரிசல் விடுகின்றன. அமெரிக்காவில் லக்ஸ்ஃபர் கம்பெனி 1988-இல் வேறு கலவைக்கு மாறியது. அந்தப் பழசை நிரப்ப மறுக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், நானும் தொடமாட்டேன். எந்தச் சிலிண்டரானாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனைக்குப் போக வேண்டும், தோளில் தேதி குத்தியிருக்க வேண்டும். வாயு உருளை விதிகள், 2016 என்று ஒரு சட்டம் இருக்கிறது. நாக்பூரில் தலைமையிடம் கொண்ட, மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோ அதைப் பார்த்துக்கொள்கிறது. எங்கள் முகையூர்க் கிணற்று வெடிக்கான உரிமமும் அதே துறையின் விதிகளில்தான் வருகிறது. நிரப்பும் தொழிலில் இறங்குகிறவர்கள் உரிமத்தை விசாரித்துவிட்டே இறங்குங்கள்.

மரக்காணத்து மிஷின் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் முதல் நிரப்பலின் காற்றைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினான். அறிக்கை வந்த பிறகுதான் ஆள் இறக்கினான். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு ஷெட்டில் மாட்டியிருக்கிறான். வருடத்துக்கு இரண்டு முறை சோதனை செய்யச் சொல்லியிருக்கிறேன், செய்கிறான்.

கடலுக்கு டைவிங் போகிற ஒவ்வொருவரும் இதை ஒரு உரிமையாகக் கேட்க வேண்டும். புதுச்சேரியானாலும் ராமேஸ்வரமானாலும் அந்தமானானாலும், சிலிண்டரை முதுகில் ஏற்றும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசியாகக் காற்றுச் சோதனை எப்போது நடந்தது, ஃபில்டர் மருந்து எப்போது மாற்றினீர்கள், சிலிண்டரின் சோதனைத் தேதி எங்கே. பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு கரையிலேயே நில்லுங்கள்.